வீட்டில் 65, ஆலையில் 51: ஒரு பதவி உயர்வுச் சோதனையின் நிகழ்வு ஆய்வு

ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை விட்டிருக்கிறேன். நான் அங்கே வெளியிலிருந்து போன ஆலோசகன். தொழில்துறை உளவியல் என் வேலை. கீழே வரும் தவறுகளில் ஒன்று முழுக்க என்னுடையது.

பின்னணி

கோயம்புத்தூர் புறநகரில் பம்ப் தயாரிக்கும் ஆலை. மூன்று ஷிப்ட் ஓடும். 2024-இல் எட்டு ஷிப்ட் சூப்பர்வைசர் இடங்களை உள்ளிருக்கும் ஆப்பரேட்டர்களைக் கொண்டே நிரப்ப முடிவு செய்தார்கள். அதுவரை சீனியாரிட்டியும் மேனேஜரின் சிபாரிசும்தான் வழி. “யாருக்கு வேண்டியவங்கன்னு பார்த்துப் போடறாங்க” என்ற பேச்சு கேன்டீனில் பல வருடங்களாக இருந்தது. ஆளுக்கு ஆள் மாறாத ஓர் அளவுகோல் வேண்டும் என்று எச்.ஆர். மேலாளர் என்னை அழைத்தார்.

சோதனையில் இரண்டு பாகம். ஒன்று எண்களைக் கையாளும் திறன்: 30 கேள்வி, 25 நிமிடம். ஷிப்ட் உற்பத்தி, ரிஜெக்ட், மெஷின் நின்ற நேரம் போன்ற அட்டவணைகளைப் பார்த்து விடை சொல்ல வேண்டும். தமிழ், ஆங்கிலம் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். இன்னொன்று ஆளுமைக் கேள்வித்தாள். அதில் சரி, தவறு என்று விடை கிடையாது. இரண்டையும் கணினி வழியாக நடத்தித் தரும் ஒரு நிறுவனத்திடம் ஆலை ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தது.

விண்ணப்பித்தவர்கள் 46 பேர்.

எந்த முறை, ஏன்

சர்வதேசச் சோதனை ஆணையம் 2005-இல் வகுத்த நெறிமுறைகள் கணினிவழிச் சோதனைகளை நான்கு முறைகளாகப் பிரிக்கின்றன. யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம் என்பது முதல் முறை. குறிப்பிட்ட ஆளுக்கு மட்டும் லிங்க்கும் கடவுச்சொல்லும் கொடுத்து, பக்கத்தில் யாரும் இல்லாமல் எழுத விடுவது இரண்டாவது. ஒரு கண்காணிப்பாளர் ஆளை அடையாளம் பார்த்து உட்கார வைத்து, முடிக்கும்வரை உடன் இருப்பது மூன்றாவது. கணினி, அறை, வெளிச்சம், சத்தம் எல்லாம் ஒரே தரத்தில் இருக்கும்படி அமைத்த மையத்தில் நடத்துவது நான்காவது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் நானும் அப்போது நினைத்திருந்தேன்.

46 பேரையும் லைனிலிருந்து எடுத்து ஒரு நாள் உட்கார வைக்க உற்பத்திப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இரண்டு கட்டமாகப் பிரித்தோம். முதலில் எல்லோரும் வீட்டிலிருந்தே இரண்டு பாகத்தையும் எழுதுவார்கள். திறன் சோதனையில் கட்-ஆஃப் தாண்டியவர்கள் மட்டும் ஆலைக்கு வந்து, கண்காணிப்பில், அதே கேள்வி வங்கியிலிருந்து வேறு கேள்விகள் கொண்ட ஒரு குறுஞ்சோதனை எழுதுவார்கள்: 12 கேள்வி, 12 நிமிடம். இரண்டு மார்க்கும் ஒத்துப்போனால் வீட்டு மார்க்கை எடுத்துக்கொள்வது என்று பேச்சு. உலகம் முழுக்க ஆளெடுப்பில் பழக்கமான ஏற்பாடுதான் இது.

வீட்டிலேயே கேமரா வைத்துக் கண்காணிக்கலாம் என்று சோதனை நிறுவனம் சொன்னது. வேண்டாம் என்றேன். ஒற்றை அறை வீட்டில் கேமரா ஓடினால் எழுதுகிறவரோடு சேர்ந்து குழந்தை, மாமியார், துணி காயும் கொடி எல்லாம் பதிவாகும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. அதன்படி சம்மதம் என்பது கட்டாயமில்லாமல், எதற்கென்று தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். பதவி உயர்வு கேட்டு நிற்கும் ஆப்பரேட்டரிடம் “கேமராவுக்குச் சம்மதமா?” என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்?

ஆளுமைக் கேள்வித்தாளைக் கண்காணிப்பில் மறுபடி எழுத வைக்கவில்லை. தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ள நினைக்கிறவர் பக்கத்தில் ஆள் நின்றாலும் அப்படித்தான் காட்டிக்கொள்வார். அந்த முடிவை இன்டர்வியூவில் கேள்வி கேட்க மட்டும் பயன்படுத்தினோம், மார்க்கில் சேர்க்கவில்லை. இந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

எல்லைக் கோடு போட்ட விதம்

வீட்டு மார்க்குக்கும் ஆலை மார்க்குக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தால் சந்தேகப்படுவது? 5 மார்க் என்றார் எச்.ஆர். மேலாளர். சரியான விடைகளின் எண்ணிக்கையை அப்படியே எடுக்காமல், சராசரி 50, திட்டவிலக்கம் (மார்க்குகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 10 என்று வைத்த அளவுகோலில் 5 மார்க் என்பது ஒன்றுமில்லை. அதே ஆள் அடுத்த நாள் எழுதினாலே அவ்வளவு ஏறி இறங்கும்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். பெரிய சோதனையின் நம்பகத்தன்மை (மறுபடி எழுதினால் மார்க் எவ்வளவு மாறாமல் வரும் என்பது; 1 என்றால் மாறவே மாறாது) 0.84, அதன் அளவீட்டுப் பிழை, அதாவது ஒருவரின் உண்மையான இடத்திலிருந்து மார்க் வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, 4 மார்க். குறுஞ்சோதனையில் கேள்வி குறைவு, நம்பகத்தன்மை 0.75, பிழை 5 மார்க். 4-இன் வர்க்கமும் 5-இன் வர்க்கமும் சேர்ந்து 41. அதன் வர்க்கமூலம் 6.4. நேர்மையாக எழுதிய நூறு பேரில் ஐந்து பேருக்கு மேல் தவறாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்றால் 6.4-ஐ 1.645-ஆல் பெருக்க வேண்டும். 10.5 வந்தது. அதையே கோடாக வைத்தோம். எச்.ஆர். மேலாளர் அந்தத் தாளை போட்டோ எடுத்துக்கொண்டார்.

கணக்கில் கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. நான் போட்டது வேறொரு சூழ்நிலைக்கான கணக்கு. அது பின்னால் வருகிறது.

வீட்டுச் சுற்று

லிங்க் வாட்ஸ்அப்பில் போனது. அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன்: “உங்கள் வீட்டிலிருந்தே சவுகரியமாக டெஸ்ட் எழுதலாம். ஞாயிறு இரவு 10 மணிக்குள் முடிக்கவும். வாழ்த்துகள்!” தனியாக எழுத வேண்டும், கால்குலேட்டர் கூடாது, பெரிய திரை இருந்தால் நல்லது, ஆலையில் மறுபடி ஒரு சோதனை உண்டு என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அந்தச் செய்தி போவதற்கு முன் என்னிடம் காட்டினார்கள். சுருக்கமாக இருக்கிறது, நல்லது என்று சொல்லி அனுப்பினேன்.

46 பேரும் எழுதினார்கள். சராசரி 50-ஐ ஒட்டி வந்தது. கட்-ஆஃப் 52, அதைத் தாண்டியவர்கள் 20 பேர்.

ஆலைச் சுற்று

ஆலையின் டிரெய்னிங் ரூமில் ஆறு கணினிகள். ஐந்து ஐந்து பேராக நான்கு தொகுதி, ஒரு கணினி உபரி. முதல் தொகுதி காலை 7.30-க்கு. நைட் ஷிப்ட் முடித்து வெளியே வருகிறவர்களை அப்படியே அழைத்துக்கொள்ளலாம், இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியதில்லை என்று அந்த நேரத்தை வைத்திருந்தார்கள். நான் 9 மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். எச்.ஆர். பிரிவின் இளம் அலுவலர் ஒருவர் கண்காணித்தார். அடையாள அட்டை பார்த்தார், செல்போன்களை ஒரு டிரேயில் வாங்கி வைத்தார், எல்லாம் முறைப்படி செய்தார்.

20 பேருக்கும் சேர்த்துச் சராசரி இறக்கம் 4 மார்க்குக்குச் சற்றுக் குறைவு. கோட்டைத் தாண்டி இறங்கியவர்கள் மூன்று பேர்.

சி.என்.சி. ஆப்பரேட்டரான ஒரு பெண்: 65-லிருந்து 51. அசெம்ப்ளி பிரிவில் ஒருவர்: 67-லிருந்து 49. டெஸ்டிங் பிரிவில் நாற்பதைத் தாண்டிய ஒருவர்: 64-லிருந்து 53.

அன்று மாலையே எச்.ஆர். மேலாளர் மூவருக்கும் மெமோ தயார் செய்துவிட்டார். “சோதனையில் முறைகேடு செய்தது தெரியவந்ததால்” என்று தொடங்கியது. எண்களைப் பார்த்து யாரையும் திருடர் என்று எழுதக் கூடாது, முதலில் நான் பேசுகிறேன் என்று சொல்லி அவற்றைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. “அப்புறம் எதுக்கு சார் கோடு போட்டோம்?” என்றார். நியாயமான கேள்விதான்.

மூவரோடு பேசியது

67 வாங்கியவர் சுற்றி வளைக்கவில்லை. “அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான் சார். பக்கத்துல உக்காந்திருந்தான். எனக்குத் தெரியாததை அவன் சொன்னான். கூடாதுன்னு யாரும் சொல்லலையே?” என்றார். போனை எடுத்து அந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். அதில் கூடாது என்று இல்லை.

64 வாங்கியவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் தனியாக எழுதினேன், இங்கேயும் தனியாக எழுதினேன், என்ன ஆச்சுன்னு தெரியலை என்றார். அவர் முகத்தைப் பார்த்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. அது என் தொழிலில் முதலில் கைவிட வேண்டிய பழக்கம். வீட்டுக்குப் போய்க் கணக்கை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் என் தவறு தெரிந்தது.

10.5 என்ற கோடு, யாரோ ஒருவரைக் குத்துமதிப்பாக எடுத்து இரண்டு முறை எழுத வைத்தால் பொருந்தும். நாங்கள் அப்படி எடுக்கவில்லை. முதல் சோதனையில் மேலே வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தோம். மேலே வந்தவர்களில் பலருக்கு அன்று கொஞ்சம் அதிர்ஷ்டமும் கூட இருந்திருக்கும். அடுத்த முறை அது இருக்காது. 65 வாங்கியவரின் உண்மையான இடம் பெரும்பாலும் 62.6 வாக்கில் இருக்கும் (50-க்கு மேலுள்ள 15-ஐ 0.84-ஆல் பெருக்கிப் பாருங்கள்). ஆக எந்தக் கள்ளமும் இல்லாமல் 2.4 மார்க் இறங்குவதுதான் எதிர்பார்க்க வேண்டியது. அதைச் சேர்த்தால் கோடு 10.5-இல் இருக்கக் கூடாது, 12.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நான் போட்ட கோட்டில் நூற்றுக்கு ஐந்துக்குப் பதிலாக, உயரத்தில் இருந்தவர்களில் பத்துக்கு ஒருவர் சும்மாவே மாட்டியிருப்பார். எச்.ஆர். மேலாளர் சொன்ன 5 மார்க்கை வைத்திருந்தால் மூன்றில் ஒருவர்.

11 மார்க் இறங்கிய அந்த மனிதர் சந்தேகப் பட்டியலிலேயே வந்திருக்கக் கூடாது. மீதி 17 பேரின் சராசரி இறக்கமும் 2 மார்க்குக்குள்தான். இயல்பாக நடக்க வேண்டிய அளவு.

மூன்றாமவர் அந்தப் பெண். அவருடைய 14 மார்க் இறக்கம் திருத்திய கோட்டையும் தாண்டுகிறது. நான் பேசியபோது அவர் கோபமாக இருந்தார்.

“நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்தேனுங்க சார். கண்ணுக்குள்ள மண்ணு போட்ட மாதிரி இருந்துச்சு. தமிழ்ல எடுத்தா எழுத்து ஒண்ணுமே சேரலை. இங்கிலீசுக்கு மாத்தறதுக்குள்ள ரெண்டு நிமிஷம் போச்சு. அந்த சார் பின்னாலயே நின்னாரு, கேக்கவும் சங்கடமா இருந்துச்சு.”

அவர் உட்கார்ந்த கணினியைப் போய்ப் பார்த்தேன். ஆறில் இரண்டு மிகப் பழையவை. அவற்றில் தமிழ்க் கேள்வியைத் திறந்தால் ஒற்றைக்கொம்பு தனியாக, புள்ளி வட்டம் தனியாக, மெய்யெழுத்து தனியாகக் கிடந்தன. “மொத்தம்” என்ற சொல்லை நானே இரண்டு முறை பார்த்துத்தான் படித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடி நின்றது. 12 நிமிடச் சோதனையில் 2 நிமிடம் போனால் ஆறில் ஒரு பங்கு போச்சு.

வீட்டில் அவர் எழுதியது ஞாயிறு மதியம், தம்பியின் லேப்டாப்பில், கதவைச் சாத்திக்கொண்டு. கண்காணிப்பு இல்லாத சோதனைக்குத்தான் நல்ல சூழ்நிலை அமைந்திருந்தது. எங்கள் அறையில் கண்காணிப்பாளர் இருந்தார். சோதனை எழுதத் தகுந்த அறை இல்லை. ஆணையம் மூன்றாவது முறையையும் நான்காவது முறையையும் ஏன் பிரித்து வைத்தது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

கமிட்டியில் வந்த கேள்வி

இந்தப் பேச்சுகள் ஒர்க்ஸ் கமிட்டிக்கு (நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சேர்ந்து உட்காரும் குழு) போயின. தொழிலாளர் தரப்பில் மூத்த உறுப்பினர் ஒருவர், ஃபவுண்டரிக்காரர், கேட்டார்: “மேல வந்தவங்களைத்தான் கூப்பிட்டு மறுபடி எழுத வைக்கறீங்க. கீழ போனவங்க ஏன் கீழ போனாங்கன்னு யாருங்க பார்க்கறது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரிபார்க்கும் சோதனை என்பதே மார்க் பொய்யாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான். பொய்யாக இறங்கிய மார்க்கை அது தேடுவதே இல்லை.

சோதனை நிறுவனம் அனுப்பிய எக்செல் ஷீட்டை அன்றிரவு மறுபடி திறந்தேன். வலது ஓரத்தில், மார்க்கெல்லாம் முடிந்தபிறகு, எந்தச் சாதனத்தில் எழுதினார் என்று ஒரு பத்தி இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. பிரித்து எண்ணினேன். லேப்டாப்பிலோ டெஸ்க்டாப்பிலோ எழுதியவர்கள் 25 பேர். அவர்களில் 16 பேர் கட்-ஆஃப் தாண்டினார்கள். செல்போனில் எழுதியவர்கள் 21 பேர்; தாண்டியது 4 பேர்.

என் போனில் அதே மாதிரிக் கேள்வியைத் திறந்து பார்த்தேன். அட்டவணையின் கடைசி இரண்டு பத்திகள் திரைக்கு வெளியே. விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். கேள்வி அட்டவணைக்குக் கீழே; கேள்வியைப் படித்துவிட்டு மேலே போனால் கேள்வி மறைந்துவிடுகிறது. நடுவில் ஒரு அழைப்பு வந்தால் கடிகாரம் நிற்பதில்லை.

இது புதிய விஷயமும் இல்லை. திறன் சோதனைகளைச் செல்போனில் எழுதுகிறவர்கள் கணினியில் எழுதுகிறவர்களைவிடக் குறைவாக வாங்குவதும், ஆளுமைக் கேள்வித்தாளில் அந்த வித்தியாசம் தெரியாததும் 2014-லேயே ஆய்வில் வந்தவை. நான் படித்திருக்கிறேன். காப்பி அடிப்பதைப் பற்றிய கவலையில் அது நினைவுக்கே வரவில்லை. காப்பிக் கவலைக்கும் ஓர் அளவு இருக்கிறது. கண்காணித்த, கண்காணிக்காத திறன் சோதனைகளை ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் ஸ்டெகர், ஷ்ரோடர்ஸ், க்னாம்ப்ஸ் மூவரும் தொகுத்துப் பார்த்ததில், கண்காணிக்காத மார்க் சராசரியாக 0.2 திட்டவிலக்கம் மட்டும் கூடுதலாக இருந்தது. எங்கள் அளவுகோலில் அது 2 மார்க். இணையத்தில் தேடினால் விடை கிடைத்துவிடும் கேள்விகளில்தான் வித்தியாசம் பெரிதாகிறது என்றும் கண்டார்கள்.

செல்போன் கணக்கை வைத்து ஒரேயடியாகத் தீர்ப்பு சொல்லவும் முடியாது. வீட்டில் லேப்டாப் இருக்கிறவர் கொஞ்சம் கூடப் படித்தவராகவும், எண்களோடு பழகியவராகவும் இருக்கலாம். எவ்வளவு திரையால், எவ்வளவு ஆளால் என்று 46 பேரை வைத்துப் பிரிக்க முடியாது.

எடுத்த முடிவுகள்

வீட்டு மார்க்கை யாருக்கும் எடுப்பதில்லை என்று முதலில் முடிவானது. ஆலையில் எழுதுவதே மார்க்.

கட்-ஆஃப் தாண்டாத 26 பேருக்கும் ஆலையில் எழுத வாய்ப்பு கொடுத்தோம். பழைய கணினிகள் இரண்டையும் மாற்றினார்கள். சோதனை நடக்கும்போது கம்ப்ரஸரை நிறுத்த மெயின்டனன்ஸ் பிரிவு சம்மதித்தது. அதற்கு மட்டும் மூன்று கடிதம் போனது.

சி.என்.சி. ஆப்பரேட்டருக்கு இரண்டு நாள் பகல் ஷிப்ட் பார்த்தபிறகு மறுசோதனை. அந்தப் பழைய இரண்டு கணினிகளில் எழுதியவர்களுக்கும், 7.30 தொகுதியில் இருந்தவர்களுக்கும் அதே வாய்ப்பு. அவருக்கு மட்டும் கொடுத்தால் அது சலுகையாகிவிடும்.

அக்கா மகனை உட்கார வைத்தவருக்கு மெமோ இல்லை. கூடாது என்று சொல்லாத ஒன்றைச் செய்ததற்குத் தண்டனை கிடையாது என்று வாதாடினேன். அவருடைய ஆலை மார்க் 49, கட்-ஆஃபுக்குக் கீழே. அதனால் அந்த முறை அவருக்கு இடமில்லை, அவ்வளவே. எச்.ஆர். மேலாளர் மெமோக்களை என் முன்னால் கிழிக்கவில்லை, டிராயரில் வைத்தார்.

பிறகு நடந்தது

26 பேரில் 19 பேர் வந்தார்கள். நான்கு பேர் 52-ஐத் தாண்டினார்கள். அவர்களில் மூவர் முதலில் செல்போனில் எழுதியவர்கள். பொள்ளாச்சிப் பக்கத்து கிராமத்திலிருந்து வருகிற ஒருவர் 47-லிருந்து 59-க்குப் போனார். முதல் முறை டேட்டா போய்ப் போய் வந்ததாகச் சொன்னார். மேலே இருந்தவர்கள் தன்னால் கொஞ்சம் இறங்குவது போலக் கீழே இருந்தவர்கள் கொஞ்சம் ஏறுவார்கள். இரண்டாம் முறை எழுதும் பழக்கமும் சேரும். 19 பேரில் ஒருவர் அவ்வளவு ஏறுவது அதிசயம் இல்லை. ஆனால் அவரை உள்ளே விடாமல் இருந்ததற்கு எங்களிடம் நல்ல காரணம் எதுவும் இருக்கவில்லை.

சி.என்.சி. ஆப்பரேட்டர் மறுசோதனையில் 63 வாங்கினார்.

கடைசித் தேர்வில் ஆலை மார்க், இன்டர்வியூ, அப்புறம் ஷிப்டை அடுத்தவரிடம் ஒப்படைப்பது போல நடித்துக் காட்டும் பயிற்சி மூன்றையும் பார்த்தார்கள். எட்டுப் பேரில் சி.என்.சி. ஆப்பரேட்டரும் பொள்ளாச்சிக்காரரும் இருந்தார்கள். 11 மார்க் இறங்கியவர் காத்திருப்போர் பட்டியலில் முதலாவது. ஆறு மாதத்தில் ஒரு சூப்பர்வைசர் தானாகவே மெஷினுக்குத் திரும்பிவிட, அந்த இடத்துக்கு அவர் வந்தார். எட்டுப் பேரை வைத்துச் சோதனை நன்றாகத் தேர்ந்தெடுத்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

அடுத்த முறை மாறுவது

வாட்ஸ்அப் செய்தி இப்போது ஒரு பக்க நீளம்: யாரும் உதவக் கூடாது, எது பயன்படுத்தலாம், ஆலையில் எழுதுவதே மார்க், மார்க்கில் பெரிய வித்தியாசம் வந்தால் என்ன நடக்கும் என்று எல்லாம் முன்னாலேயே இருக்கும். நைட் ஷிப்ட் முடித்தவர் அடுத்த ஓய்வு நாள்வரை எழுதமாட்டார். மார்க் இறங்குவதற்கான கோட்டை அவரவர் முதல் மார்க்குக்கு ஏற்பப் போடுவோம், அதைத் தாண்டினால் பேச்சுதான், மெமோ இல்லை. கண்காணிப்பவர் முன்னால் உட்காருவார், முதுகுக்குப் பின்னால் நிற்கமாட்டார்.

வீட்டு லிங்க்கைப் பற்றி எச்.ஆர். மேலாளருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மார்க்கில் சேராத சுற்றுக்கு எதற்குக் காசு என்கிறார் அவர். பழகிப் பார்க்க அது வேண்டும், கணினியையே தொடாத ஆப்பரேட்டர் முதல் தடவை மவுஸைப் பிடிப்பது மார்க் உள்ள நாளாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்தவர் பட்டியல் வந்துவிட்டது. அக்கா மகனை உட்கார வைத்தவரும் அதில் இருக்கிறார். மொத்தம் 31 பேர், கணினி ஆறு. கம்ப்ரஸரை எத்தனை நாள் நிறுத்தக் கேட்க வேண்டும் என்று எச்.ஆர். பிரிவில் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.